மானிடவியலாளருக்குச் சாய்தளத்திலும் நாடகத்திலும் என்ன வேலை?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கசாண்ட்ரா ஹார்ட்ப்ளே என்ற மானிடவியலாளரைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் மாற்றுத்திறன், அணுகத்தக்க வடிவமைப்பு, நிகழ்த்துகலை என்று மூன்று துறைகள் இருந்திருக்கின்றன. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் கட்டுவது பொறியாளர் வேலை, நாடகம் போடுவது கலைஞர் வேலை, இடையில் மானிடவியலாளருக்கு என்ன வேலை என்பது உங்கள் கேள்வியின் முதல் பாதி. இரண்டாவது பாதியைக் கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள்: நேர்காணல்களை எடுத்து நாடகமாக எழுதினால் அதை ஆய்வு என்று நம்பலாமா? உங்களை உண்மையில் உறுத்துவது இந்த இரண்டாவது பாதிதான் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்குப் போகும் வழி சாய்தளத்தின் மேல்தான் இருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மானிடவியல் படித்தவன். பல ஆண்டுகளாகக் கட்டடங்களில் அணுகல் வசதிகளைச் சோதித்து அறிக்கை எழுதும் குழுக்களோடு வேலை செய்கிறேன். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஹார்ட்ப்ளேயின் நாடகத்தைப் பிரதியாகப் படித்திருக்கிறேன், மேடையில் பார்த்ததில்லை. நான் சக்கர நாற்காலியில் வாழ்பவனும் இல்லை. இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு பின்வாசலில் கற்றுக்கொண்டேன்.

ஓர் அரங்கத்தின் பின்வாசல் அது. அங்கிருந்த சாய்தளத்தை அளந்துகொண்டிருந்தேன். சாய்வு 1:12, அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம். பல நாடுகளின் விதிகள் ஏற்றுக்கொள்ளும் அளவு. அகலம் சரி. இரண்டு பக்கமும் கைப்பிடி சரி. தாளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டேன். கூட வந்த நண்பர் வெகுகாலமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர் சாய்தளத்தைப் பார்க்கவே இல்லை. கீழே நின்றபடி மேலே இருந்த கதவைப் பார்த்தார். “கதவு வெளிப்பக்கம் திறக்குது. அதை இழுக்கணும்னா நான் பின்னால நகரணும். பின்னால சரிவுதானே இருக்கு?” என்றார். கதவுக்கு முன்னால் போதுமான சமதளம் விட்டிருக்கவில்லை. தாளில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. மேலே ஏறி நின்றபோது என் இரண்டு கால்களுக்கும் இடம் போதுமாக இருந்தது, அதனால் அதற்கும் டிக் போட்டிருந்தேன். என் கண்ணில் ஒரு பொருள் மட்டும் பட்டது. அவர் தன் உடம்பு அந்தக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு அசைவையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். கிட்டத்தட்ட ஒத்திகை மாதிரி.

சரி, ஹார்ட்ப்ளேக்கு வருவோம். அவருடைய களம் பெட்ரோசாவோட்ஸ்க். ரஷ்யாவின் வடமேற்கில், ஒனேகா ஏரிக்கரையில் இருக்கும் நகரம். கரேலியக் குடியரசின் தலைநகர். 2010களின் தொடக்கத்தில் நடமாட்டத்திலும் பேச்சிலும் குறைபாடு உள்ளவர்களோடு அங்கே பழகி, அமெரிக்காவில் வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 2015இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். அந்தக் காலத்து ரஷ்யாவை நினைவில் கொண்டால்தான் இந்த ஆய்வின் கூர்மை புரியும். சோவியத் காலத்தில் குருஷ்சேவ் ஆட்சியில் லட்சக்கணக்கில் கட்டப்பட்ட ஐந்து மாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாதவருக்கு ஐந்தாவது மாடி வீடு என்றால், அந்த வீடே அவருடைய உலகம் ஆகிவிடும். 1980 ஒலிம்பிக்கை மாஸ்கோ நடத்தியது. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியான பாராலிம்பிக் அந்த ஆண்டில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில்தான் நடந்தது. அப்புறம் நிலைமை மாறத் தொடங்கியது. 1995இல் மாற்றுத்திறனாளிகளின் சமூகப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் ரஷ்யா 2008இல் கையெழுத்திட்டு 2012இல் அதை உறுதிசெய்தது. ‘அணுகத்தக்க சூழல்’ என்ற அரசுத் திட்டம் 2011இல் தொடங்கியது. 2014இல் சோச்சியில் பாராலிம்பிக் நடந்தது. ஆக, நகரமெங்கும் சாய்தளங்கள் முளைத்த நேரத்தில்தான் ஹார்ட்ப்ளே அங்கே இருந்தார்.

பிரச்சினை, அவற்றில் பல சாய்தளங்களில் யாராலும் ஏற முடியவில்லை. படிக்கட்டின் மேலேயே இரண்டு இரும்புத் தண்டவாளங்களைச் செங்குத்தாகப் பொருத்தியிருப்பார்கள். ரஷ்ய மொழியில் ‘டிக் போடுவதற்காக’ என்று ஒரு வழக்கு உண்டு. வேலை நடந்ததாகக் காகிதத்தில் காட்ட மட்டும் செய்யப்படும் வேலையை அப்படிச் சொல்வார்கள். அங்கிருந்த மக்கள் இந்தச் சாய்தளங்களை அந்தச் சொல்லால்தான் குறிப்பிட்டார்கள். ‘அமெரிக்கன் எத்னாலஜிஸ்ட்’ ஆய்விதழில் 2017இல் வந்த அவருடைய ‘நல்ல சாய்தளம், கெட்ட சாய்தளம்’ கட்டுரை இதைப் பற்றியது. பொறியாளர் இந்த இடத்தில் “சாய்வு தவறு, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்” என்பார். அது சரியான பதில்தான். மானிடவியலாளர் இன்னொரு கேள்வி கேட்கிறார்: பயன்படாத இந்தச் சாய்தளம் யாருக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது? யோசித்துப் பாருங்கள். கட்டட உரிமையாளருக்கு அது விதியை நிறைவேற்றித் தருகிறது. அதிகாரியின் அறிக்கையில் ஓர் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தெருவில் போகிறவருக்கு ‘இங்கே எல்லோரையும் கவனிக்கிறார்கள்’ என்று சொல்கிறது. யார் பெயரைச் சொல்லிக் கட்டினார்களோ, அந்த ஒருவருக்குத்தான் அது உதவவில்லை.

இன்னொன்றையும் ஹார்ட்ப்ளே கவனித்தார். மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் வீட்டாரும் கெட்ட சாய்தளங்களைப் பற்றி ஓயாமல் கதை சொல்லிக்கொண்டார்கள். அவற்றை வெறும் புலம்பலாகவோ வேடிக்கையாகவோ ஒதுக்காமல், அரசும் சந்தையும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது குறித்து அவர்கள் வைக்கும் விமர்சனமாக அவர் வாசிக்கிறார். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. சாய்தளத்தின் வடிவம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எளிதாகப் பயணம் செய்துவிடும். ஆனால் அதை ஓர் ஊரில் வேலை செய்ய வைத்த மற்றவை, அதாவது புகார் கொடுத்தால் வந்து பார்க்கும் ஆய்வாளர், வழக்குப் போடும் உரிமை, குளிர்காலத்தில் பனியைத் தள்ளிவிடும் ஆள், மேல்மாடியிலிருந்து வாசல்வரை வர ஒரு லிஃப்ட், இவை எதுவும் அந்த வரைபடத்தோடு சேர்ந்து வருவதில்லை.

வடிவமைப்புத் துறையை இந்த இடத்தில் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்ற கருத்தை முன்வைத்த கட்டடக்கலைஞர் ரோனால்ட் மேஸ், சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய மையத்திலிருந்து 1997இல் வெளிவந்த ஏழு கோட்பாடுகளை இன்றும் உலகம் முழுவதும் பாடமாக வைக்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த அறிவு வாழ்ந்து பெற்ற அறிவாகத்தான் இருந்தது. விதியாகி, அட்டவணையாகி, என்னைப் போன்றவர்கள் கையில் தாளாக வந்து சேரும்போது அந்த அனுபவம் உதிர்ந்துபோகிறது. ஹார்ட்ப்ளே 2020இல் ‘கரண்ட் ஆந்த்ரபாலஜி’ இதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மாற்றுத்திறன் சார்ந்த நிபுணத்துவம். தனக்காகக் கட்டப்படாத உலகத்தில் தினமும் நகர்ந்து, திட்டமிட்டு, உதவி கேட்டு, உதவியை மறுத்து ஒருவர் சேர்த்துக்கொள்ளும் அறிவு அது. என் நண்பர் அந்தக் கதவைப் பார்த்த பார்வைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆய்வாளர் இந்த அறிவைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அறிவாகவே மதிக்க வேண்டும் என்பது ஹார்ட்ப்ளேயின் வாதம். இதை நான் முழுக்க ஏற்கிறேன்.

மானிடவியல் இங்கே வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடித்தது. முக்கியமான ஒரு திருப்பம் ராபர்ட் மர்ஃபியிடம் நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர்; 1950களில் பிரேசிலின் அமேசான் காட்டில் முண்டுருகு மக்களிடையே கள ஆய்வு செய்தவர். தண்டுவடத்தில் வளர்ந்த கட்டியால் அவர் உடம்பு படிப்படியாகச் செயலிழந்தது. அந்த அனுபவத்தையே ஒரு கள ஆய்வுப் பயணம் போல 1987இல் புத்தகமாக எழுதினார். சடங்குகளைப் பற்றி இனவரைவியலாளர் வான் கெனப் 1909இல் சொன்னதையும், பின்னர் மானிடவியலாளர் விக்டர் டர்னர் விரித்ததையும் அவர் தன் மேல் பொருத்திப் பார்த்தார். ஒரு நிலையை விட்டுக் கிளம்பி அடுத்த நிலையை அடையாமல் நடுவில் நிற்பவரின் நிலை அது. மாற்றுத்திறனாளியைச் சமூகம் நோயாளி என்றும் சொல்லாது, நலமானவர் என்றும் சேர்த்துக்கொள்ளாது, நடுவிலேயே நிறுத்திவைக்கும் என்றார் மர்ஃபி. இந்த இடைநிலைக்கு மானிடவியலில் வழங்கும் ‘லிமினாலிட்டி’ என்ற சொல், லத்தீனில் ‘வாசற்படி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. சக்கர நாற்காலிகளை உண்மையிலேயே வாசற்படிகள்தான் தடுக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். எனினும் மர்ஃபியின் படத்தைப் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. நடுவில் நிற்பவராக மட்டும் பார்த்தால், அந்த மனிதர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட நட்பும் வேலையும் குடும்பமும் கண்ணில் படாமல் போய்விடும் என்பது நியாயமான மறுப்பு.

இனி நாடகப் பக்கம். ‘நிகழ்த்துதல்’ என்ற சொல்லை இந்தத் துறையில் இரண்டு பொருளில் புழங்குகிறார்கள். அதைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் குழப்பம் வரும். முதலாவது அன்றாட வாழ்வின் நிகழ்த்துதல். நாம் மற்றவர்கள் முன் நம்மை எப்படிக் காட்டிக்கொள்கிறோம் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் எழுதியதும், களங்கத்தைச் சுமப்பவர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று 1963இல் அவர் எழுதியதும் இந்த வழியின் தொடக்கம். இதை வேறொரு திசையில் வெகுதூரம் கொண்டுபோனவர் மாற்றுத்திறன் ஆய்வாளர் அர்செலி டோகுமாஜி. மூட்டு நோயோடு வாழ்பவர்கள் ஒரு சட்டையை எப்படிப் போடுகிறார்கள், ஒரு மூடியை எப்படித் திறக்கிறார்கள் என்று பொறுமையாகப் படம்பிடித்துப் பார்த்தவர். சுற்றுச்சூழல் உயிருக்குத் தரும் வாய்ப்புகள் என்று உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பினார் அவர். சூழல் வாய்ப்புத் தராதபோது, வலியுள்ள உடம்பு பல்லையும் முழங்கையையும் மேசை விளிம்பையும் பக்கத்தில் இருக்கும் ஆளையும் சேர்த்துக்கொண்டு, தனக்கான வாய்ப்பைத் தானே நிகழ்த்தி உண்டாக்குகிறது என்கிறார். பொருளாக நிலைக்காத வடிவமைப்பு அது. செய்து முடித்ததும் மறைந்துவிடும், நாளைக்குத் திரும்பவும் செய்ய வேண்டும். சாய்தளமும் நாடகமும் ஒரே ஆய்வுக்குள் ஏன் வருகின்றன என்று கேட்டீர்களே, என்னிடம் இருக்கும் நேரான பதில் இதுதான்: அணுகல் என்பதும் ஒவ்வொரு முறையும் ஆளும் பொருளும் சேர்ந்து நிகழ்த்த வேண்டிய ஒன்று. நிகழ்த்தலைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது கண்ணில் படும்.

இரண்டாவது பொருள் மேடை. கள ஆய்வை மேடையேற்றுவது நேற்று வந்த வழக்கம் இல்லை. ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி சோரா நீல் ஹர்ஸ்டன், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் திரட்டிய கறுப்பின மக்களின் பாட்டையும் வேலையையும் 1932 ஜனவரியில் நியூயார்க் மேடையில் நிகழ்த்திக் காட்டினார். விக்டர் டர்னரும் எடித் டர்னரும் மாணவர்களைச் சடங்குகளை நடித்துப் பார்க்கவைத்து, அதன் வழியே இனவரைவியலை, அதாவது ஒரு மக்களோடு பழகி அவர்கள் வாழ்வை எழுதும் முறையை, கற்பித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது டுவைட் கான்கர்குட் செய்த வேலை. 1985இல் தாய்லாந்தில் பான் வினாய் அகதி முகாமில் மோங் மக்களோடு சேர்ந்து நலவாழ்வு நாடகக் குழு ஒன்றை அமைத்தார். வெறிநோய்த் தடுப்பூசி போட யாரும் தங்கள் நாய்களைக் கொண்டுவரவில்லை என்றபோது, மக்களின் கதைகளில் வரும் விலங்குகளை வேடமாக்கி ஊர்வலம் விட்டார்கள். நாய்கள் வந்து குவிந்தன. ஆய்வாளரும் அந்த மக்களும் ஒன்றாக ஒத்திகை பார்க்கும்போது யார் யாரிடம் கற்கிறார்கள் என்ற வரிசையே மாறிவிடுகிறது.

ஹார்ட்ப்ளேயின் நாடகம் இந்த மரபில் வருவது. ‘நான் ஒருபோதும் தனியாக இருந்ததில்லை’ என்று பொருள்படும் தலைப்போடு ‘ஓபோர்னிகி’ என்ற ரஷ்யச் சொல்லும் சேர்ந்திருக்கும். 2020இல் டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் ஓபோர்னிகி. அதன் வேர்ச்சொல்லுக்குத் தாங்கல், ஊன்றுகோல் போன்ற பொருள் உண்டு. களத்தில் பதிவான பேச்சுகளிலிருந்து உருவான நாடகப் பிரதியும், அதை எப்படி உருவாக்கினார், ஏன் நாடகமாக்கினார் என்று விளக்கும் கட்டுரையும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன.

இதை நம்பலாமா என்ற உங்கள் கேள்விக்கு உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். பேசுவதற்கே உடம்போடு போராடும் ஒருவரின் பேச்சைக் கட்டுரையில் மேற்கோளாகப் போட்டால், அது சரளமான நாலு வரியாகிவிடும். அவர் எடுத்துக்கொண்ட நேரம், கேட்பவர் பொறுமையாகக் காத்திருந்தது, புரியாமல் திரும்பக் கேட்டது எல்லாம் காகிதத்தில் காணாமல் போகும். மேடையில் அந்த நேரத்தைப் பார்வையாளரும் செலவழிக்க வேண்டும். இது அலங்காரம் கிடையாது, தகவலின் ஒரு பகுதி. இன்னொன்றும் உறுதி: ஒரு நடிகர் “இந்த இடத்தில் இவர் ஏன் சிரிக்கிறார்?” என்று கேட்டால், ஆய்வாளர் தன் குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். கட்டுரை வாசகர் அப்படிக் கேட்பதில்லை. ஒத்திகை ஆய்வாளரின் விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் இடமாகவும் ஆகிறது.

சந்தேகத்துக்கு இடமுள்ளவையும் இருக்கின்றன. தொகுப்பது யார்? நூறு பக்கப் பதிவிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் கை ஆய்வாளருடையதுதான். கட்டுரையிலும் அப்படித்தான் என்றாலும், கட்டுரையில் தையல் வெளியே தெரியும். நாடகம் நன்றாக அமைந்தால் தையல் மறைந்துவிடும். அதனால்தான் பிரதியோடு விளக்கக் கட்டுரையும் சேர்ந்திருப்பது அவசியம் என்கிறேன். பார்வையாளர் கண் கலங்கி வெளியேறினால் அது புரிதலா, இரக்கமா என்பதும் எனக்குத் தீராத கேள்வி. இரக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு எவ்வளவு தீங்கு செய்திருக்கிறது என்று அவர்களிடமே நிறையக் கேட்டிருக்கிறேன். மாற்றுத்திறன் இல்லாத நடிகர் மாற்றுத்திறனாளியாக நடிக்கலாமா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. என் நிலைப்பாடு: மாற்றுத்திறனாளி நடிகர்களைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை. கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஒத்திகை அறைக்குப் படிக்கட்டு மட்டுமே இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்போது மூன்று துறைகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மாற்றுத்திறனைப் பற்றிய நாடகத்தை அணுக முடியாத அரங்கில் போட முடியாது. 1980இல் தொடங்கிய பிரிட்டனின் கிரேயி நாடகக் குழு, சைகைமொழியையும் எழுத்துத் திரையையும் ஒலி விவரணையையும் ஓரத்தில் ஒட்டாமல், நாடகத்தின் உள்ளேயே பாத்திரங்களோடு பின்னுகிறது. இடைக்கால இலக்கியப் பேராசிரியராக இருந்து நடனத்துக்கு வந்த ஆலிஸ் ஷெப்பர்ட், லாரல் லாசனோடு சேர்ந்து 2018இல் ‘டிசென்ட்’ (இறக்கம்) என்ற நடனத்தைப் படைத்தார். அதன் மேடையே வளைவும் முகடுமாக அமைந்த ஒரு பெரிய சாய்தளம். சக்கர நாற்காலிகள் அதில் சரிந்து, சுழன்று, ஏறுகின்றன. பார்வையற்ற பார்வையாளர்கள் பல ஒலித்தடங்களில் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்து கேட்பதற்கான செயலியும் அவர்களுடைய நடனக் குழுவிலேயே உருவானது. 1:12 என்ற அளவைப் பாதுகாப்பின் கடைசி எல்லையாக மட்டும் அறிந்திருந்த எனக்கு, சாய்வு ஓர் உடம்புக்கு இன்பம் தரக்கூடியது என்பது அந்த நடனத்தின் பதிவைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நீங்கள் படிக்கத் தொடங்குவதாக இருந்தால், சாய்தளக் கட்டுரையை முதலில் எடுங்கள். அது சிறியது, துறைக்குப் புதியவருக்கும் புரியும். அதன்பின் நாடகத்துக்குப் போங்கள். ஆனால் தனியாக மௌனமாகப் படிக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். பேச்சு தடுமாறும் இடங்களில் அவசரப்படாமல் நின்று படியுங்கள். கூட இருப்பவர்களில் ஒருவராவது சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துபவராக இருந்தால், எங்கே கூடிப் படிப்பது என்பதை அவரே சொல்லட்டும்.